அரக்கர் (பாத்திர விளையாட்டில்)

அரக்கர், இராமாயண மரபில் இலங்கையை ஆண்ட குலத்தினர். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழிவந்த கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில் அறிவுள்ள பகையினமாகவும் இடம்பெறுவர். பகையினத்துக்கு அறிவைத் தருவது மாயமோ வலிமையோ அன்று, அதன் அவைக்குள் எழும் கருத்து வேற்றுமையே. கம்பராமாயணத்தில் இலங்கை வேந்தன் இராவணனின் தம்பி வீடணன் அறம் கருதி இராமனிடம் அடைக்கலம் புகுகிறான். கும்பகருணன் சீதையை விட்டுவிடும்படி இடித்துரைத்தும், அண்ணன் இராவணனுக்காகவே போரிட்டு மடிகிறான். திரிசடை சிறையிருந்த சீதையைத் தேற்றுகிறாள்.

ஒரு குலம் முழுவதையும் பகையாக்குவது பிறப்பை இழிவுபடுத்தும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் இம்மூவரும் அரக்கரே. போர் மூண்டது இராவணன் எடுத்த முடிவால். ஆட்டத்தை நடத்துபவர் எதிர்த்துப் பேசுவோரையும் பகையினத்துள் படைத்தால், ஆடுவோருக்குப் போரோடு தூதும் உடன்படிக்கையும் வழியாகும்.