பழைய லாண்ட் றோவருக்கு வின்ச்: எதைத் தெரிவது, எப்படிப் பூட்டுவது, எங்கே கட்டக்கூடாது

மாரி தொடங்கியதும் வன்னியின் கிறவல் பாதைகள், நெல் மூட்டையோடு போகும் வண்டியையும் நோயாளியோடு போகும் வண்டியையும் வேறுபாடின்றிப் புதைத்துவிடுகின்றன. யாராவது உழவு இயந்திரம் கொண்டுவரும்வரை காத்திருப்பதே வழமை. பழைய லாண்ட் றோவரோ ஜீப்போ வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தில் ஒரு வின்ச் பூட்ட விரும்புவது இதனால்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இருக்கும் வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

வின்ச் என்பது உருளையில் சுற்றிய கயிற்றால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் பொறி. கடையில் கேட்டால் பெட்டியில் எழுதியிருக்கும் இறாத்தல் கணக்கைக் காட்டுவார்கள். அதைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியவை கயிற்றின் இரண்டு முனைகளும்தான். ஒரு முனை நாற்பது, ஐம்பது வருடப் பழைய செசியில் இருக்கிறது. மற்றது வெளியே ஏதோ ஒரு மரத்தில்.

எவ்வளவு பலம் போதும்?

வண்டியை முழுப் பாரம் ஏற்றிய எடையின் ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. 88 அங்குல சீரிஸ் லாண்ட் றோவர் வெறுமையாக ஏறத்தாழ 1,350 கிலோ. ஆளும் சாமானும் ஏறினால் இரண்டு தொன்னைத் தாண்டும். அதற்கு 8,000 இறாத்தல் வின்ச் போதும். நீளமான 109 அங்குல வண்டிக்கு 9,500 இறாத்தல் பொருத்தம்.

சில்லு மட்டத்துக்குச் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்ட் வரை புதைந்தால் இரண்டு மடங்கு. பெட்டியில் எழுதியிருக்கும் பலமோ, உருளையில் கயிறு ஒரேயொரு அடுக்காக இருக்கும்போது கிடைப்பது. ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து வீதத்துக்கு மேல் அது குறைந்துகொண்டே போகும். ஆகவே கயிற்றை நன்றாக வெளியே இழுத்துவிட்டே வேலை செய்யவேண்டும். ஆனால் கம்பிக் கயிறு என்றால் குறைந்தது ஐந்து சுற்றாவது உருளையில் மிஞ்சியிருக்கவேண்டும். கொளுக்கியுடன் கூடிய ஒரு கப்பி வாங்கிக் கயிற்றை இரட்டையாகப் போட்டால் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகும், வேகம் பாதியாகும். பெரிய வின்சுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசை விட இந்தக் கப்பி எவ்வளவோ மலிவு.

மின்சாரமா, எஞ்சினா, கையா?

இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பற்றரியில் ஓடுபவை. முழுப் பாரத்தில் இவை சுமார் 400 ஆம்பியர் இழுக்கும். 1971 இல் வந்த சீரிஸ் 3 வண்டியின் அல்ரனேற்றர் தருவது 34 ஆம்பியர். ஒரு நிமிடம் இழுத்ததை ஈடுசெய்ய, வேறொன்றுக்கும் மின்சாரம் போகாவிட்டாலும், பன்னிரண்டு நிமிடம் எஞ்சின் ஓடவேண்டும். அதற்கு முந்திய வண்டிகளின் டைனமோ இதையும் தராது. ஆகவே ஒரு நிமிடத்துக்குக் குறைவாக இழுத்து, நிறுத்தி, மோட்டர் சூடாறவிட்டு மீண்டும் இழுப்பதே முறை. பற்றரியும் புதிதாக, பெரிதாக இருக்கவேண்டும்.

இன்னொரு பொறி, 1960களின் நடுப்பகுதி வரையான சீரிஸ் வண்டிகளில் இருக்கிறது. அவற்றில் பற்றரியின் நேர்முனைதான் செசியோடு இணைக்கப்பட்டிருக்கும். பல மின் வின்சுகளில் மோட்டரின் உடல் மறைமுனையோடு சேர்ந்திருக்கும். அப்படியே பூட்டினால் நேரடிக் குறுஞ்சுற்று, வயர் எரியும். முதலில் வண்டியின் மின் இணைப்பை மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

எஞ்சினின் முன்முனையிலிருந்து சுழலும் கப்ஸ்ரன் வின்ச், அந்தக் காலத்தில் லாண்ட் றோவருக்கு மேலதிகப் பொருத்தாக விற்கப்பட்டது. கயிறு அதில் சேமிக்கப்படுவதில்லை. நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கையால் பிடித்து இழுக்கவேண்டும். பிடியைத் தளர்த்தினால் இழுவை நின்றுவிடும். பெயாரி நிறுவனத்தின் கப்ஸ்ரன் சுமார் 3,000 இறாத்தல்தான் இழுக்கும் என்றாலும் பற்றரியைத் தொடாது, நாள் முழுக்க வேலை செய்யும். பழைய இரும்புக் கடையில் நல்ல நிலையில் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். பாரம் மீறினால் தானே முறியும் சிறிய பின் ஒன்று அதில் உண்டு. அது முறிந்தால் அதே வகைப் பின்னையே போடுங்கள். உருக்குப் போல்ற் போட்டால் அடுத்தமுறை முறிவது கியராக இருக்கும்.

என்னைக் கேட்டால், வருடத்தில் மூன்று நான்கு தரம் மட்டும் புதையும் வண்டிக்கு எதையுமே பூட்டத் தேவையில்லை. நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து இழுக்கும் 1.6 தொன் கை வின்ச் ஒன்றும் கப்பியும் போதும். முன்னால் பூட்டிய வின்ச் முன்னோக்கி மட்டுமே இழுக்கும், பல வேளைகளில் இன்னும் ஆழமான சேற்றுக்குள். கை வின்ச் வந்த வழியே பின்னுக்கும் இழுக்கும்.

செசியில் பூட்டுவது

சீரிஸ் வண்டியின் செசி மெல்லிய தகட்டாலான பெட்டிச் சட்டம். உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே பெயின்ற் பளபளத்தாலும் நம்பமுடியாது. முன் சட்டங்களின் நுனியை, குறிப்பாகக் கீழ்ப்பக்கத்தை, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் முதல் செலவு செசிக்கு, வின்சுக்கு அல்ல.

வின்சைப் பம்பரில் மட்டும் பூட்டக்கூடாது. இரண்டு சட்டங்களையும் இணைக்கும் 6 மில்லிமீற்றர் உருக்குத் தட்டில் வைத்து, 8.8 தர போல்றுகளால் இறுக்கவேண்டும். பெட்டிச் சட்டத்தை ஊடறுத்துப் போல்ற் போடும் இடங்களில் உள்ளே குழாய்த் துண்டு வைத்து ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போதே சட்டம் நசுங்கும். ஒட்டு வேலைக்கு முன் பற்றரியையும் அல்ரனேற்றரையும் கழற்றிவிடுவது நல்லது. மறைமுனை வயரைச் செசியில் விடாமல் நேரே பற்றரிக்குக் கொண்டுபோய், நேர்முனை வயரில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் வையுங்கள். றேடியேற்றரை மறைக்காத உயரம் வேண்டும். பம்பரில் கைச்சுழற்றி நுழையும் துவாரத்தையும் அடைக்காதீர்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தத் துவாரத்தின் பெறுமதியைச் சொல்லித்தரத் தேவையில்லை.

மற்ற முனை

இறுகிய கம்பிக் கயிறு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கொன்றைப் போடுங்கள். தோல் கையுறை அவசியம். வண்டி புதைந்தால் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடுவார்கள்; கயிற்றின் நீளத்தைவிடத் தூரத்தில் அவர்களை நிறுத்தியபிறகே சுவிட்சைத் தொடுங்கள். மரத்தில் கம்பியை நேரடியாகச் சுற்றாமல் அகலமான நைலோன் பட்டியைச் சுற்றி, அடிமரத்தோடு ஒட்டிக் கட்டவேண்டும். ஷெல்லில் தலை போன பனைகள் இன்னும் பல இடங்களில் நிற்கின்றன. அவை இறந்த மரங்கள். வேர் உக்கியிருக்கும் என்பதால் அவற்றில் கட்டவேண்டாம்.

நல்ல மரம் பாதையிலிருந்து முப்பது மீற்றர் பற்றைக்குள் நின்றால்? வேற்று நாட்டவர் எழுதிய கையேடுகள் நடந்துபோய்க் கட்டச் சொல்லும், மரமில்லாவிட்டால் குழி தோண்டி உதிரிச் சில்லைப் புதைத்து அதில் கட்டச் சொல்லும். வடக்கில் இரண்டும் ஆபத்தாகலாம். கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 இல் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் பணி அதற்கு முன்பும் பின்பும் பல வருடங்கள் எடுத்தது. சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக ஒரு நிலம் துப்புரவாகிவிட்டதென்று கொள்ளமுடியாது. வெடிக்காத குண்டுகளை வெள்ளமும் இடம்மாற்றும்.

ஆகவே ஆட்கள் அன்றாடம் நடக்கும், பயிரிடும் நிலத்தில் நிற்கும் மரம் மட்டுமே நம்பத்தக்கது. அது இல்லையென்றால் பாதையிலேயே நிற்கும் இன்னொரு வாகனத்தில் கட்டலாம், அல்லது உழவு இயந்திரம் வரும்வரை காத்திருக்கலாம். இழுக்கும்போது சேற்றிலிருந்து ஏதாவது இரும்பு மேலே வந்தால் தொடாமல், வண்டியை விட்டு, வந்த தடத்திலேயே நடந்து திரும்பி 119 இற்கு அறிவியுங்கள்.