மரத்துக் காயத்திலிருந்து மாவுக் குண்டானுக்கு

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி விலை விழுந்த வாரத்தை மூக்காலேயே கண்டுகொள்ளலாம். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று ஆனதும் பழத்தைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் அந்தக் குவியல் நுரை கட்டும். கிட்டப் போனால் கள் வாடை. தோலோடு ஒட்டி வந்த ஈஸ்ட், மனிதர் கைவிட்ட சர்க்கரைக்குப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஈஸ்ட் குலத்தின் வேறொரு கிளை. சர்க்கரையைத் தின்று அதைச் சாராயமாக வெளியே விடாமல் கொழுப்பாகவும் நிறமாகவும் உடம்புக்குள்ளேயே சேர்த்துவைக்கும் கிளை அது.

அதன் பயணம் ஒரு மரத்தின் காயத்தில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் வசந்தம் பிறக்கும்போது பிர்ச் மரத்தில் எங்காவது பட்டை பிளந்திருந்தால் இனிப்பு நீர் வழியும். நம் ஊர்ப் பனம்பாளையில் வடிவதைப் போலத்தான். சீவுவதற்கு மட்டும் ஆள் தேவையில்லை. வழிந்த நீரில் பால்போல ஒரு படலம் படியும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லுட்விக் என்ற ஜெர்மானியர் அதில் வாழ்ந்த பூஞ்சைக்கு எண்டோமைசஸ் வெர்னாலிஸ் என்று பெயரிட்டார். வெர்னாலிஸ் என்றால் வசந்தத்துக்குரியது. பெர்லினில் நொதித்தல் ஆய்வில் பெயர்பெற்ற பவுல் லிண்ட்னர் அதை நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் மின்னின.

முதல் உலகப்போர் வந்தது. கடல்வழி அடைபட்டு, ஜெர்மனியில் வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் பெரும் பஞ்சம். லிண்ட்னரின் மரத்து ஈஸ்டை உணவுக் கொழுப்புக்காக வளர்க்க முனைந்தார்கள். ஆழமில்லாத தட்டுகளில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, மேலே ஏடுபோலப் படரவிட்டு வழித்தெடுக்க வேண்டியிருந்தது. ஏராளமான தட்டுகள், ஏராளமான கைவேலை. போர் முடிந்து மலிவான எண்ணெய் கப்பலேறி வந்ததும் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டார்கள். இந்த ஈஸ்ட்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. தட்டுப்பாடு வந்தால் அழைப்பார்கள், தீர்ந்தால் மறந்துவிடுவார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்வீடன் ரோடோடோருலா என்ற சிவப்பு ஈஸ்டை முயன்றது. 1980-களில் நியூசிலாந்து பால்கட்டி செய்து மிஞ்சிய மோர்த்தெளிவில் ஈஸ்டை வளர்த்து, சாக்லேட்டுக்கு வேண்டிய கோகோ வெண்ணெய்க்கு மாற்றுத் தேடியது. கோகோ விலை இறங்கியதும் அதுவும் நின்றது.

ஈஸ்டுக்கு ஏன் கொழுப்பு பிடிக்கிறது? தக்காளி வைத்தவருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி தழைத்துக்கொண்டே போகும், காய் பிடிக்காது. ஈஸ்டும் அப்படித்தான். தழைச்சத்து கிடைக்கும்வரை புரதம் கட்டி, ஒன்று இரண்டாகிப் பெருகும். தழைச்சத்து தீர்ந்து சர்க்கரை மட்டும் மிஞ்சினால் புதுச் செல் கட்ட வழியில்லை. ஆனால் தின்பதை அது நிறுத்துவதில்லை. உள்ளே சிட்ரிக் அமிலம் தேங்குகிறது. அதைப் பிளக்கும் நொதி இந்தக் கிளையிடம் உண்டு. பிளந்ததும் கிடைப்பது அசிட்டைல் கோ-ஏ, கொழுப்பின் செங்கல். அதை அடுக்கி அடுக்கி எண்ணெயாக்குகிறது. உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் அது எண்ணெய் ஈஸ்ட். சில வகைகள் 60, 70 சதவீதம்வரை போகும்.

எண்டோமைசஸ் வெர்னாலிஸுக்குப் பின்னாளில் டிரைகோஸ்போரான் புல்லுலன்ஸ் என்று பெயர் மாறியது. அந்தப் பெயரை நான் மறுபடி சந்தித்த இடம் இட்லி மாவு. மாவைப் பொங்கவைப்பது முக்கியமாக லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா என்று 1965-இல் ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. 1974-இல் பாத்ரா, மில்னர் இருவரும் அதே மாவில் ஈஸ்ட்களையும் கண்டு பட்டியலிட்டார்கள். அதில் டிரைகோஸ்போரான் புல்லுலன்ஸ் இருக்கிறது. பெர்லினில் பஞ்சம் தீர்க்க அழைத்த அதே இனம், நம் வீட்டுக் குண்டானில்! பிறகு இட்லியில் ஏன் எண்ணெய் மிதப்பதில்லை? உளுந்துதான் காரணம். புரதம் நிறைந்த உளுந்தில் தழைச்சத்துக்குக் குறைவில்லை. ஓர் இரவு போதாது என்பதும் உண்டு. அந்த மாவில் ஈஸ்ட் பெருகத்தான் பெருகும், கொழுக்காது.

இனி நிறம். அதுவும் மரத்துக் காயத்திலிருந்துதான் புறப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டச்சுக்காரர் ஹெர்மன் ஃபாஃப் ஜப்பான் மலைகளிலும் அலாஸ்காவிலும் மரங்களில் வழிந்த நீரைச் சேகரித்தார். சிவந்த ஓர் ஈஸ்ட் கிடைத்தது. 1976-இல் அவர் பெயராலேயே அது ஃபாஃபியா ஆனது. அதன் சிவப்பு அஸ்டாசாந்தின் என்றும் அதே ஆண்டில் தெரிந்தது. இறால் வெந்ததும் சிவக்கிறதே, அந்த நிறம்தான். பண்ணையில் வளரும் சால்மன் மீனின் சதை தீவனத்தில் இந்த நிறம் இல்லாவிட்டால் வெளிறிவிடும். 1980-இல் மீனுக்கும் கோழிக்கும் இந்த ஈஸ்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் வந்தன. ஈஸ்டின் கெட்டிச் சுவரை முதலில் உடைக்க வேண்டும், இல்லையென்றால் நிறம் மஞ்சள் கருவுக்குப் போய்ச் சேராது. 2000-இல் அமெரிக்கா சால்மன் தீவனத்துக்கு இதை அனுமதித்தது.

மாரண்டஹள்ளிக்காரர் கேட்டு மகிழ வேண்டிய செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. ஃபாஃபியா தன் நிறத்தைப் படிப்படியாகச் செய்கிறது. பாதி வழியில் பிறப்பது லைகோபீன், அதாவது தக்காளியின் சிவப்பு. தக்காளி பெரும்பாலும் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது. ஈஸ்ட் அதைத் தாண்டிக் கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கு ஏறி, அங்கிருந்து இறாலின் சிவப்பைத் தொடுகிறது. இதற்கும் தொடக்கச் செங்கல் அசிட்டைல் கோ-ஏ தான். நிறம் கொழுப்பில் கரையும் என்பதால் சிவப்பு ஈஸ்டில் எண்ணெயும் நிறமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

அப்படியானால் கொட்டும் தக்காளியை எண்ணெயாக்கலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடைமுறையில் 5 கிலோ சர்க்கரைக்கு ஏறத்தாழ 1 கிலோ கொழுப்பு. 100 கிலோ தக்காளியில் சர்க்கரை 3 கிலோவைத் தாண்டாது. ஆக ஒரு கிலோ எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 170 கிலோ தக்காளியாவது வேண்டும். இதை நம்பு என்று எந்த விவசாயியிடமும் நான் சொல்ல மாட்டேன். பாலக்கோட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் போன்ற ஆலைகளில் மிஞ்சும் கழிவுப்பாகு வேறு. அதில் பாதி சர்க்கரை. 10 கிலோ பாகுக்கு ஒரு கிலோ கொழுப்பு என்று வரும். அப்போதும் கடலை எண்ணெயோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் நிறத்தின் வியாபாரம் கிராமில் நடப்பது. காட்டு ஃபாஃபியா ஒரு கிலோ உலர்ந்த ஈஸ்டுக்கு அரை கிராம்கூடத் தராது. தேர்ந்தெடுத்து மேம்படுத்திய வகைகள் அதைப் பல மடங்காக்கின. கோழித் தீவனத்தின் நிறத்துக்காகச் செண்டுமல்லி பயிரிடும் நாட்டில், இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து பொறுமையாகப் போட வேண்டும்.

ஒரு தடை உண்டு. ஃபாஃபியா குளிர்நாட்டுப் பிள்ளை. 20 டிகிரி சுகம், 27-ஐத் தாண்டினால் வளராது. நம் சித்திரைக்கு அது தாங்காது. குளிரூட்டியே லாபம் கரைந்துவிடும். ரோடோடோருலா அப்படியில்லை, 30 டிகிரியிலும் வளரும். எண்ணெயும் சேர்க்கும், பீட்டா கரோட்டினும் செய்யும். ஆனால் அதில் சில வகைகள் நோயாளிகளின் இரத்தத்தில் புகுந்து தொல்லை கொடுத்திருக்கின்றன. எந்த வகை என்று பிரித்தறிந்து, உண்ணத் தகுந்ததா என்று சோதித்த பிறகே தட்டுக்கு வரலாம். எண்ணெய் ஈஸ்டான யாரோவியா லிப்போலிட்டிகாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் உணவு அனுமதி கொடுத்ததும் அப்படிச் சோதித்த பிறகுதான்.

ரோடோடோருலாவைத் தேடி அலாஸ்காவுக்குப் போக வேண்டாம். இலையிலும் பழத்தோலிலும் சாதாரணமாக வாழ்வது அது. ஓர் ஆய்வு மாணவர் மாரண்டஹள்ளிப் பக்கம் இறங்கி, கொட்டிக் கிடக்கும் தக்காளியின் தோலைப் பஞ்சால் துடைத்து எடுத்துப்போய் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் தேய்த்து நாலைந்து நாள் காத்திருந்தால், வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே பவழ நிறத்தில் ஒன்றிரண்டு தலைகாட்டக்கூடும்.