புழுங்கலரிசி கற்பித்த பாடம்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஒருநாள் சத்துணவைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், எங்கப் பாட்டி புழுங்கலரிசிச் சோறுதான் சாப்பிடுவாங்க. அதிலதான் தெம்பு இருக்குன்னு சொல்றாங்க. உண்மையா சார்?" என்று கேட்டாள். நாம் உடனே விடை கூறவில்லை. ஏனெனில், அச்சிறுமி கேட்ட கேள்வியைத்தான் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டு மருத்துவர்களும் கேட்டார்கள். அதற்கு விடை காண அவர்கள் பட்ட பாடு, நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சியின் முதல் அத்தியாயம் எனலாம். இன்று அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லாரூட், கிந்தா, கோலாலம்பூர் வட்டாரங்களில் ஈயச் சுரங்கங்கள் பெருகின. அவற்றில் உழைக்க வந்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், சிலருக்கு உடல் வீங்கும், முடிவில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். ஈர மண்ணிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்றனர் சிலர். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றனர் வேறு சிலர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இன்று நாம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று அழைப்பது அதைத்தான். அதன் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் என்பவரும் கிருமியையே தேடினார். கிருமி அகப்படவில்லை.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர் பிராடன். அவர் ஒரு விந்தையைக் கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே மழையிலும் வெயிலிலும் வாழ்ந்தும், தமிழர்களுக்குப் பெரிபெரி வருவது அரிதாக இருந்தது. வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கலரிசி. பழைய வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று பிராடன் முடிவு கட்டினார். 1907இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அரிசியைச் சுட்டிக் காட்டியதில் அவர் சொன்னது சரி. நஞ்சு என்றதுதான் தவறு.

கருத்தை ஆராய்ச்சியாக மாற்றியவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை அவர் இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. நோய்க்கு இடம் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். சோற்றை மட்டும் மாற்றவில்லை. ஓராண்டு முடிவில், வெள்ளையரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே அந்நோய் இருந்தது. அவர்களும் நோயோடு விடுதிக்கு வந்தவர்கள். பெரிபெரியால் அப்பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை.

அடுத்து, ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை வெட்டிக் கொண்டிருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை நடத்தினர். சில மாதங்களில் வெள்ளையரிசி உண்டவர்களிடையே பெரிபெரி தலைகாட்டியது. அவர்களைப் புழுங்கலரிசிக்கு மாற்றியதும் நோய் பரவுவது நின்றது. பின்னர் கோழிகளை வைத்துச் சோதித்து, அரிசியைத் தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உண்டு என்று காட்டினர். அண்டை நாடான ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவரும் கோழிகளின் வாயிலாக இவ்வழியை முன்பே திறந்திருந்தார். 1929இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இச்சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன் பின் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டன்மார் வைட்டமின் அறிந்து நெல்லை அவித்தவர்கள் அல்லர். வழக்கம் அவர்களைக் காத்தது. ஏன் காத்தது என்பதை ஆராய்ச்சி சொன்னது.

இவ்விடத்தில் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்த 18 பேரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? காட்டில் சாலை வெட்டியவர்கள் சோதனையின் பொருளை அறிந்தா உடன்பட்டார்கள்? அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. இன்று ஒரு பல்கலைக்கழக மாணவர் மனிதரை வைத்து ஆராய வேண்டுமானால், நெறிமுறைக் குழுவின் இசைவும் ஆராயப்படுபவரின் சம்மதமும் வேண்டும். 1947இல் நியூரம்பர்க்கிலும் 1964இல் ஹெல்சின்கியிலும் வகுக்கப்பட்ட விதிகள் இதற்கு அடிப்படை. அறிவு எளியோரின் உயிரை விலையாகக் கேட்கக் கூடாது என்பது உலகம் தாமதமாகக் கற்ற பாடம்.

சரி, அன்று ஆராய்ந்தவர்கள் ஏன் எல்லாரும் வெள்ளையராக இருந்தனர்? நம்மவர்க்கு அறிவு இல்லாமலா? பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்பவர் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். பின்பு லிவர்பூல், ஹாலே, பாரிஸ் நகரங்களில் மேல் ஆராய்ச்சிப் பயிற்சியும் பெற்றார். 1903இல் தாயகம் திரும்பிக் கோலாலம்பூரில் பெரிபெரியை ஆராய்ந்தார். ஆனால், அரசாங்க மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் அவரைப் போன்றவர்களுக்குத் திறக்கவில்லை. பின்னர் அவர் சீனா சென்றார். 1910இல் மஞ்சூரியாவில் பரவிய கொடிய நுரையீரல் பிளேக் நோயை, துணிக் கவசத்தாலும் தனிமைப்படுத்தலாலும் அடக்கிப் புகழ் பெற்றார். நாம் இழந்ததைச் சீனா பெற்றது.

1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அது கல்லூரியாகி, 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இடையில் போர் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதைக்கு நம் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். கொள்ளைநோயும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கொன்றன. பெரிபெரியும் அங்கே தலைவிரித்தாடியது. அந்நோயைத் தடுக்கும் வழி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கோலாலம்பூரில் கண்டறியப்பட்டுவிட்டது! அறிவு ஏட்டில் இருந்தது. அதைச் செயற்படுத்தும் மனம் ஆள்வோரிடம் இல்லை.

விடுதலைக்குப் பின், 1960களில், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பிரிவு உருவாயிற்று. அதன் முதல் தலைவர் பேராசிரியர் தி. ஜே. தனராஜ் என்னும் தமிழர். முன்பு சிறப்பு மருத்துவராக லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் கப்பலேறினர். பின்னர் முதுநிலைப் பயிற்சி இங்கேயே கிடைக்கலாயிற்று.

அதன் பயன் 1999இல் தெரிந்தது. நெகிரி செம்பிலானில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் மூளைக்காய்ச்சலால் மாண்டனர். பழகிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதிக் கொசுவை ஒழிக்கப் புகையடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். இறப்பு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், இது புதியதொரு நச்சுயிர் என்று கண்டார். மாதிரிகளை அமெரிக்காவுக்கே எடுத்துச் சென்று உறுதி செய்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர். உண்மைக் காரணம் தெரிந்த பின்னரே நோயைத் தடுக்க முடிந்தது. பிராடன் வெள்ளையரிசியைச் சந்தேகித்த அதே மாநிலத்தில், இம்முறை விடை கண்டவர் நம் நாட்டவர்.

நேயர்களே, அந்த மாணவிக்கு மறுநாள் விடை சொன்னோம்: "பாட்டி சொன்னது சரிதானம்மா. ஆனால், சரி என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் சரி என்று கேட்க வேண்டும்." அவள் சற்று யோசித்து, "அப்போ நான் அதைப் படிக்கலாமா சார்?" என்றாள்.

ஒரு காலத்தில் இத்தோட்டங்களில் பிறந்த பிள்ளைக்குப் பால்மரக் காடே எல்லை. இன்று அவளுக்கு வழி திறந்திருக்கிறது. அவ்வழியே அவளை அனுப்பிவைப்பது பெற்றோராகிய உங்கள் கடமை. ஆசிரியராகிய எங்கள் கடமையுமாகும்.