அறுவைச் சிகிச்சையும் அரசுக் காப்பீடும்

திருவண்ணாமலை 1989ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகரானது. அதற்கு முன் அது வடஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் அவ்வூர் மக்கள் வேலூருக்கே பேருந்து ஏறினர். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவ நிலையம் பெருமருத்துவமனையாக வளர்ந்த ஊர் வேலூர். எண்பது கிலோமீட்டர்ப் பயணம் பெரிதன்று, செலவே பெரிது. நகையை அடகு வைத்தோர் உண்டு. நிலத்தை விற்றோர் உண்டு. ஜும்ஆத் தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் வாயிலில் துண்டு விரித்து வசூலித்துத் தந்த ஜமாஅத்தார்களும் உண்டு.

இந்நிலையை மாற்ற வந்ததே அரசுக் காப்பீடு. ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தோன்றியது. தமிழகத்தில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. ஒரு குடும்பத்திற்கு நான்காண்டுகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்பது அதன் வரம்பு. ஆட்சி மாறியபின், 2012 ஜனவரி 11 முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்னும் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, வரம்பு ஐந்து லட்சமாயிற்று. வருமான உச்சவரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது.

ஆனால் தொகையைவிட, அது வழங்கப்படும் முறையே நம் கவனத்திற்குரியது. அரசு மருத்துவர் மாதச் சம்பளம் பெறுகிறார். பத்து அறுவை செய்தாலும் நூறு செய்தாலும் சம்பளம் ஒன்றே. காப்பீட்டிலோ ஒவ்வோர் அறுவைக்கும் முன்கூட்டியே ஒரு விலை குறிக்கப்படுகிறது. படுக்கை, மருந்து, உணவு யாவும் அவ்விலைக்குள் அடங்கும். விலை செலவைவிட மிகுந்தால் அந்த அறுவை பெருகும். குறைந்தால் மருத்துவமனை தயங்கும், அல்லது நோயாளியிடமே மறைமுகமாகக் கேட்கும். அமெரிக்காவும் இதைக் கண்டது. 1965இல் முதியோர் காப்பீடு தொடங்கி, ஆன செலவையெல்லாம் கொடுத்து வந்த அந்நாட்டரசு, 1983இல் நோய் வகைக்கு ஒரு நிலையான தொகை என்று மாற்றியது. உடனே நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. நோய் மாறவில்லை, கணக்கு மாறியது!

நம் நாட்டில் இதன் கசப்பான பக்கம் கருப்பை அகற்றும் அறுவையில் வெளிப்பட்டது. 2008இல் தொடங்கிய மத்திய அரசின் காப்பீட்டில் குடும்பத்திற்கு 30,000 ரூபாய். பீகாரிலும் சத்தீஸ்கரிலும் தனியார் மருத்துவமனைகள் தேவையின்றி ஏழைப் பெண்களின் கருப்பைகளை அகற்றின என்னும் புகார்கள் 2012இல் நாடெங்கும் பேசப்பட்டன. வயிற்றுவலி என்று சென்றவர்களிடம் புற்றுநோய் அச்சம் ஊட்டப்பட்டதாம்! காப்பீட்டு அட்டை கையிலிருந்ததே அவர்களுக்கு வினையாயிற்று.

தமிழகத்தில் பெரிய அறுவைகளுக்கு முன் அனுமதி வேண்டும். அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகை பெறுகின்றன. அதில் ஒரு பங்கு மருத்துவமனையின் மேம்பாட்டிற்கும், ஒரு பங்கு பணியாளர்க்கு ஊக்கத் தொகையாகவும் செல்கிறது. முன்பு தனியாரிடமே பெரிதும் சென்ற பணம் இவ்வாறு பொது மருத்துவமனைகளுக்கும் திரும்பியது நல்ல திருப்பமே. திருவண்ணாமலையிலும் 2010களில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தபின், வேலூர்ப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது. எனினும் ஊக்கத் தொகையும் ஒருவகை விலைதான் என்பதைத் தணிக்கை செய்வோர் மறந்துவிடலாகாது.

கருப்பை அறுவைகள் பற்றிய பொதுநல வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடக்குமாறு மாநிலங்களுக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அது 2023 ஏப்ரலில். அப்பெண்களுட் பலர்க்கு அறுவை முடிந்து அப்போது பத்தாண்டுகள் கடந்திருந்தன.