அத்தியூர்

சின்ன காஞ்சிபுரத்தின் பழைய பெயர் அத்தியூர். பூதத்தாழ்வார் அங்குக் கோயில் கொண்ட வரதராசப் பெருமாளை அத்தியூரான் என்றே பாடுகிறார். 'அத்தி'க்கு இரண்டு பொருள். ஒன்று மரம். மற்றொன்று யானை, வடமொழி 'ஹஸ்தி' தமிழில் அத்தியானது. மூலவர் நிற்கும் இடம் அத்திகிரி, அதாவது யானைமலை. மலை என்றாலும் ஏற வேண்டியது 24 படிகள்தான்.

ஊருக்குப் பெயர் தந்தது யானையா, மரமா? என் மனம் மரத்தின் பக்கமே சாய்கிறது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி அது. அதன் கட்டை தண்ணீரில் எளிதில் உளுக்காது. கிணற்று வேலைக்கு அதைப் பயன்படுத்தியது அதனால்தான். அந்த மரத்தில் செய்த அத்தி வரதர், கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீருக்குள்ளேயே சயனித்திருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருவார்: 1939, 1979, 2019. கடைசி முறை ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம். முதலில் கிடந்த கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். பிறகு மீண்டும் குளத்துக்குள்.

பேருந்துப் பலகையில் இன்று அத்தியூர் இல்லை. அந்தப் பெயர் தண்ணீருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.