ஓட்டல் அறையில் பிறந்த இசைத்தட்டு

வீட்டில் கூடிப் பாடும் சிறு இசைக்குழுவொன்று தன் இசையைப் பதிவு செய்துகொள்ள விரும்புமானால், கருவிக்கு என்ன விலை என்பதே முதற் கேள்வியாக எழுகிறது. நம் நாட்டில் ஒலிப்பதிவு எவ்வாறு தொடங்கியது என்பதை நோக்குவோர்க்கோ, எந்த அறை, அதில் யார் எங்கே அமர்ந்தார் என்னும் கேள்விகளே பெரிதாகத் தோன்றும்.

1902ஆம் ஆண்டு இறுதியில், இலண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியின் சார்பில் ஃபிரெடரிக் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். தனிப் பதிவுக் கூடம் எதுவும் இங்கு இல்லை. ஆதலின் ஓட்டல் அறையிலேயே கருவியை நிறுவினார். நவம்பர் 8ஆம் நாள் சசிமுகி, பணிபாலா என்னும் நாடக மேடைப் பாடகியர் பாடினர். மூன்று நாட்கள் கழித்து, புகழ் பெற்ற கௌஹர் ஜான் அக்கொம்பின் முன் நின்றார்.

அந்தக் கருவியை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். அதில் மின்சாரமும் இல்லை, ஒலியைப் பெருக்கும் வால்வும் இல்லை. அகன்ற கொம்பு ஒன்று பாடுவோரின் ஒலியைத் திரட்டி ஒரு மெல்லிய தகட்டின்மீது செலுத்தும். அத்தகடு அதிர, அதனுடன் பிணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் வரி கீறும். கீறும் வலிமை முழுவதும் பாடுவோரின் குரலினின்றே வரவேண்டும். மெழுகை ஓட்டிக் கேட்டால் கீறிய வரி சிதைந்துவிடும். எனவே நன்றாகப் பதிந்ததா என்று அங்கேயே சோதித்துப் பார்க்க இயலாது. ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குக் கப்பலேற்றி, அங்கே தட்டாக அச்சிட்டுத் திரும்பி வந்தால்தான் தெரியும். கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னதற்கும், தொலைவிலிருந்த தொழிலாளர் பாடியவரை அறிந்துகொள்வதற்காகவே என்று காரணம் கூறுவர்.

பத்து அங்குலத் தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும். ஒரு மணி நேரம் விரித்துப் பாடத்தக்க கயாலை அதற்குள் சுருக்கிய கௌஹர் ஜானின் திறமையைப் பலரும் போற்றியிருக்கின்றனர், நாமும் போற்றுகிறோம். ஆயினும் அத்தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் நம் செவி வேறொருவரைத் தேடுகிறது. உடன் வாசித்தவர் எங்கே? பாடகியின் வாய் கொம்பின் அருகில். பக்கவாத்தியக்காரர் அவருக்குப் பின்னால். தபலாவின் ஆழ்ந்த ஒலி மெழுகில் ஏறவேயில்லை எனலாம். தட்டின் மேலொட்டிலும் அவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை. அறையில் சில அடி தள்ளி அமர்ந்தவர்கள் வரலாற்றினின்றே தள்ளி அமர்ந்துவிட்டார்கள்.

மேனாட்டிலும் இதே தொல்லை இருந்தது. வயலினின் மெல்லொலி பதியாமையால் அதற்கே ஓர் உலோகக் கொம்பு பொருத்தி வாசித்தனர். 1925இல் மின்சார முறைப் பதிவு வாணிகத்துக்கு வந்தபின், மெல்லிய குரலும் மெல்லிய தந்தியும் தாமாகவே பதிந்தன. பின்னர் ஒலிநாடா வந்து, பிழையை அழித்து மீண்டும் பதிய வழி செய்தது. அமெரிக்கக் கிதார் வல்லுநர் லெஸ் பால், 1948இல் வெளிவந்த தம் இசைத்தட்டொன்றைத் தம் வீட்டுக் கார்க் கொட்டகையிலேயே, பதிவின்மேல் பதிவாக அடுக்கி உருவாக்கினார். அது தனியொருவர் தம்மையே பலராக்கிக்கொண்ட வித்தை. பலராகக் கூடி ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் குழுவுக்கு அவ்வழி அவ்வளவாகப் பொருந்தாது என்பது நம் கருத்து.

அத்தகைய குழுவுக்கு ஒரே ஒலிவாங்கி போதும். ஒலிவாங்கி என்னும் சொல் பொருத்தமானதே. அது வாங்கும், செவியைப் போலத் தேர்ந்தெடுக்காது. நாம் கேளாமல் விட்டுவிடும் மின்விசிறியின் இரைச்சலையும், வெறுஞ்சுவர் திருப்பியனுப்பும் எதிரொலியையும் அது தவறாமல் வாங்கிக்கொள்ளும். ஆகவே விசிறியை நிறுத்தி, சாளரங்களைச் சாத்தி, சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்தல் நன்று. பிறகு, குழு ஒலிவாங்கியைச் சூழப் பிறை வடிவில் அமரலாம். உரத்த கருவி விலகியும், மெல்லிய கருவி நெருங்கியும் இருக்கட்டும். கெய்ஸ்பர்க் காலத்தவர் கையாண்ட முறையே இது. அவர்களுக்கோ அதனைத் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை. நமக்கு இருக்கிறது. ஒரு நிமிடம் பதிந்து கேட்டு, ஒருவரை ஓரடி முன்னே நகர்த்தி, மறுபடியும் பதிந்து கேட்கலாம்.

அச்சோதனைப் பதிவை முதலில் தபலாக்காரரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல வேண்டும்.