மிசோ மலைகளில் ஊர்த்தொகுப்பும் உடன்படிக்கையும்: 1966–1986

1986 ஜூன் 30 அன்று புதுதில்லியில் கையெழுத்தான மிசோ உடன்படிக்கை, விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் ஆயுதக் கிளர்ச்சிகளை முடித்துவைக்கச் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களுள் முறியாமல் நிலைத்த ஒன்றாகும். இராணுவ அழுத்தம் முதலில் கிளர்ச்சியாளரைத் தளர்த்தியது என்றும், அதன்பின் அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்தது என்றும், இரண்டும் உரிய அளவில் கலந்தமையால் அமைதி விளைந்தது என்றும் இதற்குப் பொதுவாக விளக்கம் கூறப்படுவதுண்டு. இருபது ஆண்டு நிகழ்வுகளை வரிசைப்படுத்தி நோக்கினால் இவ்விளக்கம் பாதியளவே பொருந்துகிறது. ஏனெனில் படைபலத்தின் கடுமையான நடவடிக்கைகள் கிளர்ச்சியின் முதல் நான்கு ஆண்டுகளிலேயே நிகழ்ந்து முடிந்துவிட்டன, அமைதியோ அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்தே வந்தது.

அக்காலத்தில் அஸ்ஸாம் மாநிலத்தின் ஒரு மாவட்டமாக இருந்த மிசோ மலைப்பகுதியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை ஒருவகை மூங்கில் கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடிகிறது. அதன் கனிகளைத் தின்று பெருகும் எலிகள் பின்னர் நெல் வயல்களை அழிக்க, பஞ்சம் உண்டாகிறது. ‘மௌதம்’ எனப்படும் இப்பஞ்சம் 1959இல் வரவிருப்பதை முந்தைய தலைமுறையின் நினைவிலிருந்து அறிந்திருந்த மாவட்ட மன்றம், 1958ஆம் ஆண்டிலேயே அஸ்ஸாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் நிவாரண நிதி கோரியது. மூங்கில் பூப்பதற்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு கற்பிப்பது மலைவாழ் மக்களின் மூடநம்பிக்கை என்ற எண்ணத்தில் அக்கோரிக்கை ஒதுக்கப்பட்டது. பஞ்சம் சொன்னபடியே வந்தபோது அரிசி மூட்டைகளை ஊர் ஊராகச் சுமந்து சென்ற தொண்டர் அமைப்பு, முன்னாள் இராணுவ ஹவில்தாரும் மாவட்ட மன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றியவருமான லால்தெங்காவின் தலைமையில் 1961 அக்டோபரில் ‘மிசோ தேசிய முன்னணி’ என்ற அரசியல் கட்சியாக மாறியது. அஸ்ஸாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிய 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வளர்ச்சிக்கு மேலும் துணைசெய்தது.

1966 பிப்ரவரி 28 இரவில் முன்னணியின் ஆயுதப் பிரிவு ஐசால், லுங்லே முதலிய ஊர்களின் அரசு அலுவலகங்களையும் காவல் முகாம்களையும் ஒரே நேரத்தில் தாக்கியது; மறுநாள் விடுதலைப் பிரகடனம் வெளியிடப்பட்டது. அரசின் பதில் நடவடிக்கை விரைவாகவும் மிகக் கடுமையாகவும் அமைந்தது. கலவரப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் படையினருக்குச் சோதனையிடவும் கைதுசெய்யவும் சுடவும் தனி அதிகாரம் வழங்கும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் மாவட்டம் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டதோடு, மார்ச் முதல் வாரத்தில் இந்திய விமானப்படையின் போர்விமானங்கள் ஐசால் நகரைத் தாக்கின. அரசு இதனை மறுத்து, விமானங்கள் ஆட்களையும் பொருள்களையும் இறக்கவே அனுப்பப்பட்டன என்று கூறியது. எனினும் அஸ்ஸாம் சட்டமன்றத்தின் மலைப்பகுதி உறுப்பினர்கள் நேரில் சென்று, எரிந்த வீடுகளைக் கண்டு திரும்பி அவையில் பேசினர். மார்ச் மாத இறுதிக்குள் நகரங்கள் மீட்கப்பட்டன, கிளர்ச்சியாளர் காடுகளுக்குள்ளும் எல்லைக்கு அப்பாலுள்ள சிட்டகாங் மலைப்பகுதிக்கும் பின்வாங்கினர்.

நகரங்களை மீட்டதற்குப் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மையப்பகுதி. 1967 ஜனவரியில், சில்சார்–ஐசால்–லுங்லே சாலையோரமாக 106 ஊர்களின் மக்கள் 18 மையங்களில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். ‘பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்’ என்று ஆவணங்களில் பெயரிடப்பட்ட இம்மையங்களில் பாதுகாப்பு யாருக்கு என்பதையோ முன்னேற்றம் எதில் என்பதையோ அங்கு வாழ்ந்தோரால் எளிதில் கூறியிருக்க முடியாது. மலாயாவில் 1950ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானியர் கையாண்ட புதுக்கிராமத் திட்டமே இதற்கு முன்மாதிரி. அங்குச் சீனக் குடியேறிகளோடு ரப்பர் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். மீனுக்கு நீர் எதுவோ கெரில்லாப் படைக்கு ஊர்மக்கள் அது எனக் கொண்டு, நீரை வடித்துவிட்டால் மீன் சாகும் என்று அத்திட்டம் கருதியது. அடுத்தடுத்த கட்டங்களில் மாவட்டத்தின் 764 ஊர்களுள் 516 ஊர்கள் காலிசெய்யப்பட்டு 110 மையங்களாகச் சுருக்கப்பட்டன. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இதற்கு உட்பட்டனர்.

ஊர்த்தொகுப்பு நடந்தேறிய முறையைப் பின்னாளில் வி. எஸ். ஜாஃபா என்னும் ஆட்சிப்பணி அதிகாரி, டார்ஸோ என்ற ஊரைக் காலிசெய்த இராணுவ அதிகாரி ஒருவரின் வாக்குமூலத்தின் துணையோடு பதிவு செய்திருக்கிறார். செல்வச் செழிப்புள்ள அவ்வூரின் மக்கள் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், தங்கள் வீடுகளுக்கும் நெற்களஞ்சியங்களுக்கும் தாங்களே தீவைக்க வேண்டும், அதன்பின் தாங்கள் கிளர்ச்சியாளருக்கு அஞ்சி விருப்பத்துடனேயே இடம்பெயர்வதாக ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிட வேண்டும் என்பது கட்டளை. தீயைவிடவும் இக்கையொப்பமே கொடியது என்று கருத இடமுண்டு. தம் வாயாலேயே தம் துயரை மறுக்கும்படி மக்கள் ஆக்கப்பட்டனர்.

மையங்களில் ஆள்கணக்கெடுப்பு, அடையாள அட்டை, ஊரடங்கு, வெளியேறுவதற்கு அனுமதிச்சீட்டு ஆகியவை அன்றாட ஒழுங்காயின. காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலம் மாற்றிப் பயிரிடும் ஜும் வேளாண்மையில், விளைநிலம் காலப்போக்கில் ஊரைவிட்டு விலகிச் செல்வது இயல்பு. பொழுது சாய்வதற்குள் வேலிக்குள் திரும்பியாக வேண்டிய உழவருக்குத் தொலைவிலுள்ள நிலம் பயனற்றுப்போனது. மையத்தைச் சுற்றியிருந்த நிலமோ அத்தனை பேருக்கும் போதவில்லை. தம் உணவைத் தாமே விளைத்துக்கொண்ட மக்கள் பங்கீட்டு அரிசியை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தனர். நீதிமன்றத்தில் எழுப்பப்பட்ட எதிர்ப்பின் விளைவாக 1970இல் தொகுப்பு நிறுத்தப்பட்டபோதிலும், கைவிடப்பட்ட ஊர்களில் பல மீண்டும் எழவேயில்லை. இன்று மிசோரம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் (2011 கணக்கெடுப்பின்படி 52 விழுக்காட்டினர்) என்பதன் காரணங்களுள் இக்கட்டாயக் குடியேற்றத்தையும் ஆய்வாளர்கள் சேர்ப்பதுண்டு.

இத்தனைக்கும் பின்னர் கிளர்ச்சி ஒழியவில்லை. 1971இல் வங்கதேசம் உருவானதால் சிட்டகாங் தளத்தை இழந்தது அதற்குப் பெரிய அடியாக இருந்தது; ஆனால் அது மிசோ மலைகளுக்கு வெளியே நிகழ்ந்த மாற்றம், ஊர்த்தொகுப்பின் பலன் அன்று. 1972 ஜனவரியில் மிசோ மலை மாவட்டம் மிசோரம் என்னும் ஒன்றியப் பகுதியாக உயர்த்தப்பட்டதும் போதவில்லை. 1975 ஜனவரியில் ஐசால் காவல் தலைமையகத்துக்குள்ளேயே மூன்று உயர் காவல் அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இரு தரப்புக்கும் நடுவே நின்றவர்களையே அமைதியின் உண்மையான அடித்தளமாகக் கொள்ள வேண்டும். வடக்கில் பிரெஸ்பிட்டேரியன், தெற்கில் பாப்டிஸ்ட் எனப் பெரும்பாலான மிசோ மக்களைத் தம்முள் கொண்டிருந்த திருச்சபைகள், கிளர்ச்சி தொடங்கிய ஆண்டிலிருந்தே வன்முறையைக் கண்டித்தும் இரு பக்கத்தோடும் தொடர்பைத் துண்டிக்காமலும் இயங்கின. இந்திய இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பிரிகேடியர் தென்புங்கா சாய்லோ 1974இல் மனித உரிமைக் குழுவொன்றை நிறுவி, படையினரின் அத்துமீறல்களைத் தொகுத்து அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார். படையின் சீருடையை அணிந்திருந்தவரே எழுதியதால் அவற்றை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. ஆயினும் பின்னர் முதலமைச்சரான சாய்லோவின் பதவியே பேச்சுவார்த்தைக்கு ஓர் இடையூறாயிற்று. இடைக்கால அரசுக்குத் தாமே தலைமை ஏற்க வேண்டும் என்று லால்தெங்கா கோரியபோது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சாய்லோ விலக மறுத்தார். அரசும் முன்னணியும் செய்துகொண்ட 1976ஆம் ஆண்டு உடன்பாடும் 1980ஆம் ஆண்டுப் போர்நிறுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன.

பிரதமர் இந்திரா காந்தியின் சார்பில் லால்தெங்காவோடு பேசிவந்தவர், இலங்கை இனச்சிக்கலிலும் அதே காலத்தில் தூதராகச் செயல்பட்ட ஜி. பார்த்தசாரதி. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமரைச் சந்திக்க லால்தெங்கா தில்லியில் காத்திருந்தார். அன்று காலையிலேயே பிரதமர் கொல்லப்பட்டார். பேச்சைத் தொடர்ந்த ராஜீவ் காந்தி அரசின் காலத்தில், உள்துறைச் செயலர் ஆர். டி. பிரதான் தம் பணி ஓய்வு நாளன்று உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். முன்னணி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு ஆயுதங்களை ஒப்படைத்தது. மிசோரத்துக்கு முழு மாநிலத் தகுதியும், மிசோ வழக்காற்றுச் சட்டம், நில உரிமை, சமய நடைமுறை ஆகியவற்றில் நாடாளுமன்றச் சட்டங்கள் மாநிலப் பேரவையின் ஒப்புதலின்றிச் செல்லாது என்னும் அரசியலமைப்பின் 371-ஜி பிரிவும் கிடைத்தன. சாய்லோ மறுத்ததை அவருக்குப் பின் முதலமைச்சரான காங்கிரசின் லால் தன்ஹாவ்லா செய்தார். தேர்தலில் வென்ற பதவியை லால்தெங்காவுக்கு விட்டுக்கொடுத்துத் துணை முதலமைச்சரானார். இவ்வொரு விலகல் இல்லாதிருந்தால் 1986ஆம் ஆண்டு உடன்பாடும் 1976இன் வழியிலேயே போயிருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

அதிகாரத்தில் இருந்தோரும் அதற்காகப் போரிட்டோரும் இவ்வாறு இணங்கினர். லால்தெங்காவின் அமைச்சரவை 1988இல் கட்சித்தாவலால் கவிழ்ந்தபோதும் எவரும் காட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய செயலராக இருந்த சோரம்தங்கா பின்னாளில் தேர்தல் வழியே முதலமைச்சரானார், 2007இல் மௌதம் மீண்டும் வந்தபோது முன்கூட்டியே திட்டமிட்டதும் அவர் தலைமையிலான அரசே. எனினும் இணக்கத்தின் எல்லை மிசோ பெரும்பான்மையோடு நின்றுவிட்டது. தம் பகுதிக்குத் தன்னாட்சி கோரிய ஹ்மார் மக்களின் கிளர்ச்சி 1994 வரையும், அவர்களுள் பிரிந்த ஒரு குழுவினுடையது 2018 வரையும் நீடித்தது; 1997இல் மிசோரத்திலிருந்து திரிபுராவுக்கு ஓடிய புரூ மக்களில் பெரும்பாலோர் இருபதாண்டுகளுக்கும் மேலாக முகாம்களில் வாழ்ந்தபின், 2020ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அங்கேயே குடியமர ஏற்பாடாயிற்று, தம் பழைய ஊர்களுக்குத் திரும்பவில்லை.